தேய்ந்த இடத்தைப் பாருங்கள்: பழைய பொருள்களின் முலாமை அடையாளம் காண்பது

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துப் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஒன்று இருந்தது. எண்ணெய்த் தொட்டி மங்கிப்போய், பழுப்பும் மஞ்சளுமாகப் படலம் படிந்து கிடந்தது. அதைப் புதிதுபோல ஆக்க வேண்டும் என்ற ஆசையில் ஒரு முலாம் கடையில் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்த தொட்டி கண்ணாடிபோல மின்னியது. கழற்றி வீட்டிலேயே வைத்திருந்த மூடியை எடுத்து அதில் திருகியபோதுதான் உறைத்தது: மூடி ஒரு நிறம், தொட்டி வேறு நிறம். மூடியில் லேசான இளமஞ்சள் சாயல். தொட்டியிலோ நீலம் கலந்த வெள்ளை. தொட்டியில் பொறித்திருந்த எழுத்துகளும் மெருகேற்றும் பஃப் சக்கரத்தில் தேய்ந்து மழுங்கியிருந்தன.

நான் கொடுத்தது நிக்கல் முலாம் போட்ட பித்தளைத் தொட்டி. வாங்கி வந்தது குரோம் முலாம் போட்ட தொட்டி. அந்த நிக்கலுக்குப் பெரிய கேடு எதுவும் வந்திருக்கவில்லை, மேலே மங்கலாகப் படிந்திருந்தது அவ்வளவுதான். ஒரு பருத்தித் துணியும் கொஞ்சம் மெட்டல் பாலிஷும் இருந்தால் அரை மணி நேரத்தில் தெளிந்திருக்கும். எது என்னவென்று பார்க்கத் தெரியாததால் அறுபது எழுபது வருடத் தோல் போய்விட்டது. அந்த வருத்தத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பளபளப்பாக இருக்கும் இடத்தைப் பார்த்து முலாமைக் கண்டுபிடிப்பது கடினம். நன்றாகத் துடைத்த நிக்கலும் குரோமும் வெள்ளியும் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். தேய்ந்த இடம்தான் உண்மையைச் சொல்லும்: கை படும் பிடி, மேசையில் உரசும் அடிவிளிம்பு, மூடி திறந்து மூடும் ஓரம், எழுத்து பொறித்த மேடு. அங்கேதான் மேல்தோல் விலகி அடியில் இருக்கும் உலோகம் எட்டிப்பார்க்கும். கடைக்காரர் எந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறாரோ, அதற்கு எதிர்ப்பக்கத்தை நான் முதலில் பார்க்கிறேன்.

நிக்கலா குரோமா என்பதுதான் அதிகம் குழப்பும் கேள்வி. சைக்கிள் கைப்பிடி, தையல் மெஷின் சக்கரம், ஷேவிங் ரேசர், கேமரா, மேசை விசிறி என்று எல்லாவற்றிலும் இது வரும். இரண்டுக்கும் உள்ள நிற வித்தியாசத்தை நான் இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறேன். நீலம் போடாமல் துவைத்த வேட்டி நிக்கல். நீலம் போட்டு அலசிய வேட்டி குரோம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றில் மஞ்சள் தெரியும், மற்றதில் நீலம் தெரியும். நிக்கல் நீல ஒளியைக் கொஞ்சம் குறைவாகத் திருப்பி அனுப்புகிறது, அதனால்தான் அந்த இளஞ்சூடான சாயல். பகல் வெளிச்சத்தில், வெள்ளைத்தாளை அடியில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழே பார்த்தால் கண் ஏமாறும்.

ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி வேண்டுமா? நாணயம் சேர்ப்பவர் யாராவது தெரிந்தவர் இருந்தால், 1947-ஆம் வருடத்து ஒரு ரூபாயைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் புலி. அதற்கு முன்பு வந்த ரூபாயில் வெள்ளி கலந்திருந்தது, இது நிக்கல். காந்தத்தில் ஒட்டும். 1950-இல் வந்த அசோகச் சிங்கம் போட்ட ரூபாயும் நிக்கல்தான். அந்த நிறத்தை ஒருமுறை கண்ணில் வாங்கிக்கொண்டால் பிறகு மறக்காது.

நிறத்தில் சந்தேகம் தீராவிட்டால் துணி இருக்கிறது. மறைவான ஓர் இடத்தில், விரல்நுனி அளவுக்கு, வெள்ளைத் துணியில் மெட்டல் பாலிஷ் தொட்டுத் தேயுங்கள். நிக்கலாக இருந்தால் துணி பெரும்பாலும் கறுக்கும், ஏனென்றால் நிக்கல் காற்றுபட்டு மெல்ல மங்குகிறது, அந்தப் படலம் துணியில் வருகிறது. குரோம் அப்படி மங்குவதில்லை. அதில் துணி கறுத்தால் அது வெறும் அழுக்காகத்தான் இருக்கும். இரண்டாவது முறை தேய்க்கும்போது வராது.

குரோம் கெடுகிற விதமும் வேறு. அலங்காரத்துக்குப் போடும் குரோம் மிக மெல்லியது. ஒரு மைக்ரானில் பாதிகூட இருக்காது, மூன்றில் ஒரு பங்கு அளவுதான். தலைமுடி ஒன்றின் தடிமன் எழுபது மைக்ரானுக்குப் பக்கம் என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் அடியில் பெரும்பாலும் பத்து இருபது மைக்ரான் நிக்கல் இருக்கும், அதற்கும் அடியில் சிலவற்றில் செம்பு இருக்கும். துருவைத் தடுக்கும் வேலையை நிக்கல்தான் செய்கிறது. குரோம் கடினமானது, கீறல் விழாது, மங்காது, அதனால் மேலே இருக்கிறது. ஆகவே குரோம் போட்ட இரும்பு கெடும்போது முழுதாக மங்காது. ஊசி குத்தியதுபோலப் புள்ளிப் புள்ளியாகத் துரு வெளியே வரும், அல்லது செதில் செதிலாக உரியும். பழைய சைக்கிளின் கைப்பிடியில் மழைக்காலம் முடிந்ததும் பார்ப்பீர்களே, அதே புள்ளிகள்தான். பித்தளை மேல் போட்ட குரோம் தேய்ந்தால் இன்னும் அழகாகக் கதை சொல்லும்: நடுவில் பித்தளை மஞ்சள், அதைச் சுற்றி நிக்கல் வளையம், அதற்கு வெளியே நீலவெள்ளை. இந்த மூன்று நிறமும் அடுத்தடுத்துத் தெரிந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

இன்னொரு தடயம் குழிகள். குரோம் முலாம் குழிக்குள் சரியாக ஏறாது. முலாம் ஏற்றும் மின்சாரம் மேடான இடத்தையே தேடிப் போகும். அதனால் குரோம் போட்ட பொருளின் ஆழமான மடிப்பிலும் பொந்திலும் அடியிலிருக்கும் நிக்கலின் மஞ்சள் தெரியும். அதைப் பார்த்துவிட்டு முழுப் பொருளும் நிக்கல் என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், அது காலத்தைச் சொல்கிறது. அமெரிக்காவில் பாஸ்டனைச் சேர்ந்த ஐசக் ஆடம்ஸ் 1869-இல் நிக்கல் முலாம் போடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஐம்பது வருடம் பளபளக்கும் இரும்பு, பித்தளைச் சாமான் என்றாலே பெரும்பாலும் நிக்கல்தான். குரோம் உலோகத்தை 1797-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், ஆனால் அதை நம்பகமாகப் பூசுவதற்கு வழி 1924 வாக்கில்தான் பிறந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க்கும் அவருடைய மாணவர் எல்ட்ரிட்ஜும் அதைச் செய்தார்கள். 1920-களின் கடைசியில் கார்களிலும் குழாய்களிலும் குரோம் பரவியது. லைக்கா கேமராக்கூட முதலில் கறுப்பு வண்ணமும் நிக்கல் பொத்தான்களுமாகத்தான் வந்தது; 1933-இல்தான் குரோம் உடம்பு வந்தது.

ஆக, ஒரு சிங்கர் தையல் மெஷினின் வரிசை எண் அது 1910-இல் செய்தது என்று சொல்லி, அதன் சக்கர விளிம்பு நீலவெள்ளையாக மின்னினால், யாரோ பின்னாளில் முலாம் போட்டிருக்கிறார்கள் அல்லது உதிரியை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இது ஒருவழிக் கணக்கு என்பதையும் மறக்காதீர்கள். 1910-இல் குரோம் இருக்க முடியாது. ஆனால் நிக்கல் இருந்தால் அது 1925-க்கு முந்தியது என்று சொல்ல முடியாது, குரோம் வந்த பிறகும் நிக்கல் நிற்கவில்லை. அப்புறம், இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டிஷ் சைக்கிள்களில் பளபளப்பான பாகமே குறைவு. கைப்பிடிகூடக் கறுப்பு வண்ணத்தில் வந்தது. உலோகத் தட்டுப்பாடு. அப்படி ஒரு வண்டி கிடைத்தால் அதைக் குரோமாக்கிவிட வேண்டாம், அந்தக் கறுப்புதான் அதன் பிறப்புச் சான்று.

வெள்ளிக்கு வருவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் நுழைந்தால், எனாமல் பாத்திரங்களுக்கும் மரத்தூண்களுக்கும் நடுவே கறுத்துப்போன டீ செட்டும் தட்டும் கரண்டியும் கண்ணில் படும். கறுப்பே முதல் அடையாளம். காற்றில் இருக்கும் கந்தகம் பட்டு வெள்ளி முதலில் மஞ்சளாகி, பழுப்பாகி, ஊதா தட்டி, கடைசியில் கறுக்கும். நிக்கலும் குரோமும் இப்படிக் கறுக்காது. துடைத்த வெள்ளியின் வெண்மையும் தனி. விழும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வரை வெள்ளி திருப்பி அனுப்பும். குரோம் அறுபத்தைந்து பங்குக்குப் பக்கத்தில்தான். வெள்ளிக்குப் பக்கத்தில் வைத்தால் குரோம் கொஞ்சம் இருண்டு தெரிவது அதனால்தான்.

சரி, வெள்ளிதான் என்று தெரிந்துவிட்டது. முழு வெள்ளியா, முலாமா? அடியில் ஈ.பி.என்.எஸ். என்ற நான்கு ஆங்கில எழுத்து இருந்தால் முலாம். நிக்கல் சில்வர் மேல் மின்சாரத்தால் வெள்ளி பூசியது என்று அதற்குப் பொருள். இந்த நிக்கல் சில்வரைத்தான் நம் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்கிறார்கள். செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்தது, பெயரில் தவிர வெள்ளி அதில் கிடையாது. இன்று கல்யாணத்துக்கும் கொலுவுக்கும் தாம்பூலத்தோடு கொடுக்கும் குங்குமச் சிமிழ்களில் பலவும் இந்த வகைதான், மேலே மெல்ல வெள்ளி ஏற்றியிருப்பார்கள். பழைய ஆங்கிலேய முலாம் கம்பெனிகள் தங்கள் எழுத்துகளைச் சின்னச் சின்னக் கேடயங்களுக்குள் வரிசையாக அடித்தார்கள். தூரத்தில் பார்த்தால் அசல் வெள்ளி முத்திரைபோலவே இருக்கும். இங்கிலாந்தின் அசல் வெள்ளி என்றால் நடக்கும் சிங்கம் ஒன்று இருக்க வேண்டும். பூதக்கண்ணாடியில் அதைத் தேடுங்கள்.

முத்திரை எதுவும் இல்லையென்றால் மறுபடி தேய்ந்த இடம். செம்பின் மேல் போட்ட வெள்ளி தேய்ந்தால் கன்னம் சிவந்ததுபோல இளஞ்சிவப்பு தெரியும், ஏமாற வழியே இல்லை. ஜெர்மன் சில்வர் மேல் போட்டது தேய்ந்தால் கண்டுபிடிப்பது கடினம், அடி உலோகமும் வெள்ளைதான். அதற்கு நான் செய்வது: சில மாதம் பாலிஷ் போடாமல் விட்டுவிடுவேன். வெள்ளி இருக்கும் இடம் கறுக்கும், தேய்ந்து போன இடம் அவ்வளவு கறுக்காமல் சாம்பல் மஞ்சளாகத் திட்டுத் திட்டாக நிற்கும். கரண்டியின் அடிவயிற்றில், மேசையில் படும் புள்ளியில், இது நன்றாகத் தெரியும்.

மின்சார முலாமுக்கு முன்னால் ஒரு முறை இருந்தது, எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1743 வாக்கில் தாமஸ் போல்சோவர் என்ற கத்தித் தொழிலாளி, செம்புக்கட்டியின் மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூடாக்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்வதையும், பிறகு உருளையில் கொடுத்தால் ஒரே தகடாக நீள்வதையும் கண்டார். ஷெஃபீல்டு பிளேட் என்று அதற்குப் பெயர். நூறு வருடம் ஓடியது. 1840-இல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் குடும்பத்தார் மின்சார முறைக்குக் காப்புரிமை வாங்கியதும் அது மெல்ல மறைந்தது.

ஷெஃபீல்டு தகட்டை வெட்டினால் ஓரத்தில் செம்புக் கோடு தெரியும். அதை மறைக்க விளிம்பை மடித்தோ, வெள்ளிக் கம்பியை வைத்து ஒட்டியோ முடித்தார்கள். விளிம்பின் அடியில் நகத்தை ஓட்டினால் அந்த மடிப்பு தட்டுப்படும். மின்சார முலாமில் அது இருக்காது, வெள்ளி எல்லாப் பக்கமும் தடையின்றிப் படர்ந்திருக்கும். இன்னொன்று இன்னும் நுட்பமானது. குடும்பச் சின்னம் செதுக்க வேண்டுமானால் உளி வெள்ளியைத் தாண்டிச் செம்பைத் தொட்டுவிடும். அதனால் அந்த இடத்தில் மட்டும் தடிமனான சுத்த வெள்ளித்துண்டு ஒன்றைப் பதித்து வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாது. வாயால் ஆவி ஊதினால் அந்தத் துண்டின் எல்லை ஒரு நொடி தெரிந்து மறையும். இருநூறு வருடம் முன்பு ஒரு தொழிலாளி மறைத்து வைத்த ஓரம் நம் மூச்சில் வெளிவருவது எனக்கு இன்றும் வியப்புதான். இப்படிப்பட்ட பொருளின் சிவந்த இடங்களில் மின்சார முலாம் ஏற்றிவிட்டால் மடிப்பும் எல்லையும் எல்லாம் மூடிப்போகும். செம்பு தெரிகிறதே என்று வருத்தப்பட்டு அதைச் செய்துவிடாதீர்கள்.

நம் வீடுகளில் வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் துலக்குவது வழக்கம். முழு வெள்ளிக்கு அது சரி. முலாமுக்கு ஒவ்வொரு துலக்கலும் ஓர் இழை தேய்மானம். பல்பொடியும் பேஸ்ட்டும் இன்னும் மோசம். அலுமினியத் தாளை ஒரு பாத்திரத்தில் விரித்து, சமையல் சோடா கலந்த சுடுநீர் ஊற்றி, அந்தத் தாளைத் தொடும்படி பொருளை வைத்தால் கறுப்பில் இருக்கும் கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும். வெள்ளி தேயாமல் வெளுக்கும். கல் பதித்தது, மரப்பிடி உள்ளது, பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பு விட்ட வேலைப்பாடு இவற்றுக்கு மட்டும் வேண்டாம்.

அடுத்து ஈயம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பால்வெள்ளையாக இருந்தால் அது ஈயம் பூசியது, சில ஊர்களில் கலாய் என்பார்கள். ஈயம் என்ற ஒரே சொல் வெள்ளீயத்துக்கும் காரீயத்துக்கும் புழங்குவதால் குழப்பம் வரும். இங்கே வேண்டியது வெள்ளீயம். புளியும் தயிரும் பட்டால் பித்தளையில் களிம்பு ஏறும், அதைத் தடுக்கத்தான் இது. தெருவோரத்தில் குழி வெட்டி, துருத்தி ஊதி, பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவுவார்கள். குப்பென்று வெள்ளைப் புகை எழும், மூக்கில் காரமாக ஏறும். ஈயக் குச்சியை ஒரு தொடு. 232 டிகிரியிலேயே உருகிவிடும். பஞ்சை வைத்து ஒரு சுழற்று சுழற்றினால் மஞ்சள் பாத்திரம் கண் முன்னால் வெள்ளையாகும். அந்தப் பஞ்சின் ஓட்டம் ஆறிய பிறகும் பாத்திரத்தில் தெரியும். சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், கை போன வழி கோடு கோடாக இருக்கும், விளிம்பில் எல்லை நேராக இல்லாமல் வழிந்திருக்கும். நிக்கலில் இந்தக் கோடு கிடையாது, உள்ளும் வெளியும் ஒரே வழவழப்பு. ஈயம் மென்மையானது, கத்திமுனை லேசாகப் பட்டாலே பள்ளம் விழும். காகிதத்தில் தேய்த்தால் பென்சில்போலக் கறுப்புக் கோடு விழுகிறதா? காரீயம் கலந்திருக்கலாம். அந்தப் பாத்திரம் அலமாரிக்குத்தான், அடுப்புக்கு வேண்டாம்.

துத்தநாகத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. பழைய தகர வாளியின் மேல் கண்ணாடிச் சில்லுகளைப் பரப்பியதுபோல ஒரு படிகக் கோலம் இருக்குமே, அது உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுத்ததன் அடையாளம். ஆனால் அதற்குச் சாயலாக இருக்கும் காட்மியம் விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய வால்வு ரேடியோவின் உள்ளிருக்கும் தகட்டுச் சட்டத்திலும் திருகுகளிலும், ராணுவச் சாமான்களிலும் இதைப் போட்டிருப்பார்கள். மங்கிய வெள்ளி நிறம், சிலவற்றில் மஞ்சளும் ஆலிவும் கலந்து எண்ணெய் படிந்த தண்ணீர்போல மினுங்கும். கெட்டுப்போனால் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பொடி பூக்கும். காட்மியம் நஞ்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், சூடு காட்டாதீர்கள், பொடியை ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, கையைக் கழுவிவிடுங்கள். காட்மியமா துத்தநாகமா என்று தெரியாதபோது காட்மியம் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

தங்க முலாமில் கவரிங், ரோல்டு கோல்டு என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறோம். ரோல்டு கோல்டு என்பது ஷெஃபீல்டு பிளேட்டின் தம்பி: தங்கத் தகட்டை வேறு உலோகத்தோடு ஒட்டி உருளையில் நீட்டியது. பழைய அமெரிக்கக் கைக்கடிகாரக் கூட்டில் 1/20 12 கே ஜி.எஃப். (கோல்டு ஃபில்டு) என்று இருந்தால், எடையில் இருபதில் ஒரு பங்கு 12 காரட் தங்கம் என்று பொருள். ஸ்விஸ் கடிகாரங்களில் மைக்ரான் கணக்கு இருக்கும். 20 மைக்ரான் என்றால் நல்ல தடிமன். பட்டை மாட்டும் கொம்புகளின் மூலையில்தான் தங்கம் முதலில் போகும். உரைகல்லை மட்டும் நம்ப வேண்டாம். லேசாக உரசினால் மேல்தோலின் தங்கம்தான் கல்லில் இறங்கும், உள்ளே பித்தளையா என்று கல்லுக்குத் தெரியாது. பழைய பித்தளை விளக்கிலும் இசைக்கருவியிலும் தங்கம்போலத் தெரிவது பலமுறை லாக்கர் என்ற வார்னிஷ் பூச்சுதான். அது உரியும்போது நகத்துக்குப் படலமாக வரும். உலோக முலாம் அப்படி வராது.

முலாமே இல்லாததை முலாம் என்று நினைப்பதும் உண்டு. எவர்சில்வரில் பூச்சு எதுவும் கிடையாது, உள்ளும் புறமும் ஒரே உலோகம், தேய்ந்தாலும் நிறம் மாறாது. காந்தம் இங்கே ஓரளவு உதவும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தமே போதும். வலுவாக ஒட்டினால் அடியில் இரும்பு. ஒட்டவில்லையென்றால் பித்தளையோ செம்போ ஜெர்மன் சில்வரோ, நம் வீட்டு எவர்சில்வர் பலவுமோ இருக்கலாம். நிக்கல் காந்தத்தில் ஒட்டும் உலோகம் என்றாலும், பித்தளை மேல் இருக்கும் மெல்லிய நிக்கல் இழுப்பது கைக்குத் தெரியாத அளவுதான்.

மருந்து வைத்துச் சோதிப்பதில் ஒன்றை மட்டும் சொல்வேன். டைமெத்தில்கிளையாக்ஸிம் என்ற வேதிப்பொருளை அம்மோனியாவோடு பஞ்சில் தொட்டுத் தேய்த்தால், நிக்கல் இருந்தால் பஞ்சு இளஞ்சிவப்பாகும். நிக்கல் ஒவ்வாமையால் வாட்ச் கட்டும் இடத்தில் அரிப்பு வருபவர்களுக்காக இந்தச் சோதனைப் பெட்டி விற்கிறார்கள். ஜெர்மன் சில்வரிலும் சிவக்கும், வெடித்த குரோமின் அடியிலிருக்கும் நிக்கலாலும் சிவக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம். நைட்ரிக் அமிலம் வீட்டில் வேண்டாம். அது நகைக்கடைக்காரர் வேலை, சோதித்த இடத்தில் தழும்பும் மிஞ்சும்.

முலாம் உண்மையிலேயே உரிந்து, இரும்பு அரிக்கத் தொடங்கிவிட்டால் திரும்பப் போட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்: "அண்ணே, இது நிக்கல். நிக்கல் மட்டும் போடுங்க, மேலே குரோம் வேண்டாம். எழுத்து இருக்கிற இடத்துல பஃப் வைக்காதீங்க." கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். ஒரு சின்ன உதிரியையாவது கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் பெட்ரோமாக்ஸ் மூடியை நான் திரும்ப விளக்கில் மாட்டவில்லை. பழைய சாமான் பார்க்கக் கிளம்பும்போது அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். நிக்கலா குரோமா என்று கண் தடுமாறும் இடத்தில் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் போதும்.